மாசி தேடி மண்ணடிக்கு

ஆவடிக்கு வடக்கே, செங்குன்றம் செல்லும் வழியில் வெள்ளானூர் என்றோர் ஊர் உண்டு. ஏரியும் நெல்வயலுமாக இருந்த பகுதி. இன்று மனைப்பிரிவுக் கற்களும் புதுவீடுகளும் கல்லூரிப் பேருந்துகளுமாக மாறிவருகிறது. நகரத்தின் நடுவே வாடகை கொடுத்து மாளாமல், சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று இப்படிப்பட்ட மேற்குப் புறநகர்களை நாடிய குடும்பங்களில் நம் தென்கடலோர ஊர்களைச் சேர்ந்தோரும் உளர். காயல்பட்டினத்தையோ கீழக்கரையையோ பூர்வீகமாகக் கொண்ட ஒருவர் அங்கே குடியேறிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் கிடைத்துவிடும். ஹலாலான இறைச்சியும் ஆவடியில் கிடைத்துவிடும். மாசிதான் எளிதில் கிடைக்காது.

புறநகர்ச் சந்தையில் கருவாட்டுக் கூடைகளின் முன்நின்று கேட்டுப் பாருங்கள். நெத்திலி, வாளை, சுறா என்று அடுக்கடுக்காக எடுத்துக் காட்டுவார்கள். மாசி என்றால் அது தைக்கு அடுத்து வரும் மாதம்தானே என்று சிரிப்போரும் உண்டு. அவர்கள்மீது குறையில்லை. மாசி அவர்கள் கடலின் பண்டமன்று.

நம் இளைய தலைமுறைக்கே இன்று மாசி இன்னதென்று சொல்லவேண்டியிருக்கிறது. சூரை மீன் வகைகளுள் ஒன்றான வரிச்சூரையின் தலையையும் குடலையும் நீக்கி, நீளவாக்கில் நான்கு துண்டுகளாகப் பிளந்து, உப்புநீரில் வேகவைத்து, புகையில் வாட்டி, பின்னர் வெயிலில் பல நாள் உலர்த்தினால் கிடைப்பது மாசி. மற்றக் கருவாடு போல அது வளையாது; கருங்காலிக் கட்டையைப் போல் இறுகிவிடும். மாலத்தீவு இதன் தாய்வீடு. நம் நாட்டு இலட்சத்தீவுகளில் தெற்கோரத்திலுள்ள மினிக்காய்த் தீவினரும் தொன்றுதொட்டு இதனைச் செய்து வருகின்றனர். மாலத்தீவின் திவேஹி மொழியில் மீனுக்கு 'மஸ்' என்று பெயர். நம் 'மாசி' அச்சொல்லின் உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

உலகம் சுற்றிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை நீங்கள் அறிவீர்கள். அவர் 1343ஆம் ஆண்டில் மாலத்தீவை அடைந்து அங்கே காஜியாகவும் பணியாற்றினார். அத்தீவினரின் உணவைப் பற்றி எழுதும்போது, கொழுப்பில்லாத சிவந்த மீன் ஒன்றை நான்காக வெட்டிச் சிறிதே வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதை அவர் விவரிக்கிறார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் அது ஏற்றுமதியாவதையும் குறிப்பிடுகிறார். (அம்மீன் உடலுக்குத் தரும் வலிமையைப் பற்றி அவர் எழுதியுள்ள வேறு சில செய்திகள் குடும்ப இதழுக்கு வேண்டா.) 1344இல் அவர் அங்கிருந்து இலங்கை வழியாக நம் தமிழகக் கரைக்கே வந்து சேர்ந்தார். ஆக, இன்று நாம் கால் கிலோவுக்கு அலையும் பண்டம் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்த வணிகச் சரக்கு. அதே வரிச்சூரையை வேகவைத்துப் புகையில் காயவைக்கும் இன்னொரு நாடு ஜப்பான். அங்கே அதற்குக் கட்சுஓபுஷி என்று பெயர். மரச் சீவல்போல மெல்லச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில், மிசோ என்னும் சோயா விழுதைக் கரைத்தால் அவர்களின் அன்றாடச் சூப்பு ஆயிற்று. இம்முறை மாலத்தீவிலிருந்தே கிழக்கே சென்றிருக்கக்கூடும் என்று கருதும் ஆய்வாளர்களும் உளர்.

ஜப்பானியரைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. ஊரைவிட்டு வந்தவர் தம் ஊர்ப் பண்டத்தை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு விடை இருக்கிறது. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் 1950களிலிருந்து ஜப்பானிய வணிக நிறுவனங்கள் குடியேறத் தொடங்கின. ஊழியர்களின் குடும்பங்கள் வந்தன. அவர்களைத் தொடர்ந்து மளிகைக் கடைகள் வந்தன. இன்று அந்நகரின் இரயில் நிலையத்தருகே இம்மர்மன் தெருவுக்குப் போனால், மிசோ விழுது வெள்ளை, சிவப்பு என்று வகைவகையாகக் கிடைக்கும். (ஐரோப்பாவில் வாழும் நம்மவர் கவனிக்க: சில மிசோ உறைகளில் கெடாதிருக்க மதுசாரம் சேர்க்கப்படுவதுண்டு. உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஹலால் சான்றுடன் வருபவையும் உள்ளன.) ஒரு பண்டம் எங்கே கிடைக்கும் என்று அறிய விரும்பினால், அதனை உண்பவர் முதலில் எங்கே குடியேறினர் என்று கேளுங்கள். கடைப் பலகையைத் தேடிப் பயனில்லை, மக்களைத் தேடவேண்டும்.

சென்னையில் நம்மவர் முதலில் வந்து இறங்கிய இடம் துறைமுகத்தை ஒட்டிய மண்ணடி. அங்கப்ப நாயக்கன் தெரு, மூர் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று நீளும் அந்தச் சந்துகளில் தென்பாண்டிக் கடற்கரை ஊர்களின் பேச்சை இன்றும் நீங்கள் கேட்கலாம். வணிகத்துக்கு வந்தவர், கப்பலேற வந்தவர், வளைகுடா நாட்டு விசாவுக்குக் காத்துக் கிடந்தவர் என எத்தனையோ பேரைத் தாங்கிய பகுதி அது. ஊரிலிருந்து வருபவர் பெட்டியில் மாசி வந்தது. பிறகு கடைக்கும் வந்தது.

வெள்ளானூரிலிருந்து போவதற்கு ஆவடி வரை பேருந்து. அங்கிருந்து சென்ட்ரல் வரை 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மின்தொடர் வண்டியில் போய், எதிரிலேயே மெட்ரோ ஏறினால், உயர்நீதிமன்றத்தை அடுத்த நிறுத்தமே மண்ணடி. இந்நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. கடற்கரை நிலையம் வரை செல்லும் சில மின்தொடர்களும் உண்டு. அதில் போனால் இராஜாஜி சாலையைக் கடந்து நடந்தே சேர்ந்துவிடலாம். போகும் வழியில் பர்மா பஜார் உங்கள் பையைக் காலி செய்யப் பார்க்கும். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கடந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள். ஜும்ஆவுக்காகப் பல கடைகள் அடைத்திருக்கும்.

கடைகளில் மாசியை முகப்பில் வைத்திருக்கமாட்டார்கள். ஊர்ப் பண்டங்கள் விற்கும் சிறு மளிகைக் கடைகளில் வாய்விட்டுக் கேட்கவேண்டும். கேட்டவுடன் "எந்த ஊர் நீங்க?" என்று எதிர்க்கேள்வி வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். துண்டு மாசி, உடைத்த மாசி, தூள் மாசி என மூன்று விதமாக வைத்திருப்பார்கள். தூளை வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. எந்த மீனின் தூள், எத்தனை நாளையது என்று கண்டறிய வழியேயில்லை. துண்டை வாங்குங்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டையின் ஓசை எழவேண்டும். உடைத்த முகம் செம்பழுப்பாக, சற்றே பளபளப்புடன் இருக்கவேண்டும். முகர்ந்தால் புகைமணம் முன்னால் வரவேண்டும்; கெட்ட நெடி வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சிறு துளைகளும் அவற்றிலிருந்து உதிரும் பொடியும் வண்டு அரித்ததன் அடையாளம். மேலே உப்புப் பூத்து வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் மாசியின் பெயரில் விற்கும் சாதாரணக் கருவாடு.

விலையைக் கேட்டுத் திகைக்கும் சகோதரிகளுக்கு ஒரு விளக்கம். ஈரம் முழுதும் வற்றிய பண்டமாதலால், ஒரு கிலோ மாசிக்குப் பல கிலோ பச்சை மீன் வேண்டும். அதுமட்டுமன்று. மாலத்தீவின் மாசிக்கு நெடுங்காலம் பெரிய சந்தையாக இருந்தது இலங்கை. நம்மூர் வணிகர்கள் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் அங்கிருந்தே மாசி நம் வீடுகளுக்கும் வந்தது. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் இறக்குமதியைச் சுருக்கியது. மாலத்தீவு மீனவர்களோ பிடித்த மீனை உறையவைத்து விற்கும் பக்கம் திரும்பினர். புகையடுப்புக்கு முன்போல மீன் வரவில்லை.

இத்தனை பாடுபட்டு வாங்கிவந்தால் அதனைக் கையாளத் தெரியவேண்டுமல்லவா? மிக்சியில் முழுத்துண்டைப் போட்டு, கத்தி முறிந்தபின் கணவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். தடித்த துணியில் சுற்றி, இரும்பு உரலிலோ அம்மிக்குழவியாலோ சிறு சில்லுகளாக உடைத்தபிறகே மிக்சி. சம்பலுக்கு, காய்ந்த மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, மாசிச் சில்லைச் சேர்த்துப் பஞ்சுபோல் ஆனதும், துருவிய தேங்காயும் சின்ன வெங்காயமும் சேர்த்து ஒன்றிரண்டாக இடித்தெடுத்து, எலுமிச்சை பிழியுங்கள். இடியாப்பத்துக்கு இதைவிட வேறு துணை வேண்டா. மாசியிலேயே உப்பு இருப்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தனியே உப்புச் சேர்க்காமல் சுவைத்துப் பார்த்துக்கொள்வது நன்று. கண்ணாடிப் புட்டியில் ஈரம் படாமல் வைத்து, மாதம் ஒருமுறை வெயில் காட்டினால் பல மாதம் கெடாது.

புட்டியில் அடைத்த ஆயத்தச் சம்பல் இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. அவசரத்துக்கு உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் மாசி இடிக்கும் ஓசையைக் கேட்டு, உம்மாவின் அருகே அமர்ந்து ஒரு சில்லை வாயில் அடக்கிக்கொண்ட பிள்ளைக்குத் தெரியும் ருசி வேறு. அப்பிள்ளைக்கு ஊர் என்பது விடுமுறையில் மட்டும் போய்வரும் இடமாகிவிட்டது. அவளுக்குத் துண்டு மாசியைத் தெரியாது. அவள் மகளுக்குப் பெயரும் தெரியாது போகும். அப்போது மண்ணடிக் கடைக்காரரும் கேட்பாரில்லாப் பண்டத்தை வாங்கி வைக்கமாட்டார்.

எனவே வெள்ளானூர், ஆவடி, பட்டாபிராம் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தினருக்கு ஒரு யோசனை. தனித்தனியே மண்ணடிக்கு அலையவேண்டாம். ஜும்ஆவில் சந்திக்கும் பத்து வீட்டார் சேர்ந்து கணக்கிட்டு, மாதம் ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கிவரலாம். அதைவிட நல்லது, உங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் நம் பாய் ஒருவரிடம் பத்து வீட்டாரும் ஒரே வாரத்தில் போய்க் கேட்பது. இரண்டு பேர் கேட்டால் கையை விரிப்பார். பத்துப் பேர் கேட்டால், இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை அவர் மண்ணடிக்குச் சரக்கெடுக்கப் போகும்போது ஒரு கிலோவாவது வாங்கிவருவார். ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.