பனி விழாத ஊரில் ஒரு வெள்ளை டாங்கி

டோக்கியோவிலிருந்து ஷிஸுவோகாவுக்கு ஷின்கான்ஸென் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஆனால் அவசரத்தில் 'நொஸோமி'யில் ஏறி உட்கார்ந்துவிட்டால் போச்சு. அது இந்த ஊரில் நிற்காது. நகோயாவில் இறங்கி அசடு வழிய வேண்டும். நான் வழிந்தேன்.

அமைதியான ஊர். சுற்றிலும் தேயிலை மேடுகள், கறுப்புக் குழம்பில் மிதக்கும் ஓடேன், வானம் மனசு வைத்தால் தூரத்தில் ஃபுஜி மலை. பனியெல்லாம் அந்த மலையோடு சரி. ஊருக்குள் விழுவது அபூர்வம். அப்படிப்பட்ட ஊரில்தான் பனியில் நனைந்த டாங்கிகளை நூற்றுக்கணக்கில் பார்த்தேன். எல்லாம் பிளாஸ்டிக்!

ஜப்பானின் பிளாஸ்டிக் மாடல் தலைநகரம் இது. டாமியா, ஆவோஷிமா, ஃபுஜிமி எல்லாம் இங்கேதான். ஹஸெகாவா பக்கத்து ஊர். 'ஏன் இந்த ஊர்?' என்று கேட்டால் கோயிலைக் காட்டுகிறார்கள். ஷோகன்கள் காலத்தில் ஸெங்கென் கோயில் வேலைக்கு வந்த தச்சர்களும் அரக்கு வேலைக்காரர்களும் ஊர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார்களாம். மர வேலை மர பொம்மையாயிற்று, மர பொம்மை பிளாஸ்டிக்காயிற்று. டாமியாவே 1946-ல் மரக்கடையாக ஆரம்பித்ததுதான். 1960-ல் முதல் பிளாஸ்டிக் கப்பல் விட்டார்கள். அது வியாபாரத்தில் மிதக்கவில்லை. அப்புறம் பாந்தர் டாங்கி. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே என்று ஒரு அளவில் செய்துவிட்டு, பிறகு கணக்குப் போட்டால் அசலில் 35-ல் ஒரு பங்கு! பேட்டரி முடிவு பண்ணிய அந்த அளவுதான் இன்றைக்கு உலகம் முழுக்க டாங்கி மாடல்காரர்களுக்கு வேதம்.

ஒவ்வொரு மே மாதமும் இங்கே ஹாபி ஷோ. 'ட்வின் மெஸ்ஸே' கண்காட்சி அரங்கில் மாடல் கிளப்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மேஜையில் வயதான ஒருவர். தலையில் எண்ணி நாலு முடி. எதிரே ஒரு பெரிய ஹேர் ஸ்பிரே டப்பா.

நான் டப்பாவைப் பார்த்தேன். தலையைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"எனக்கில்லை. இவனுக்கு" என்று பக்கத்தில் இருந்த டாங்கியைக் காட்டினார். ஒரு ஜெர்மன் பான்ஸர் 3. நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. காலம் டிசம்பர் 1941, இடம் மாஸ்கோ வாசல்.

கதை தெரிந்ததுதான். 1941 ஜூன் 22-ல் ரஷ்யாவுக்குள் புகுந்த ஹிட்லரின் சேனை, குளிர்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்று நம்பியது. முடியவில்லை. வெள்ளைவெளேர் என்ற பனியில் கரும்சாம்பல் நிற டாங்கிகள், வேட்டியில் விழுந்த மை மாதிரி தெரிந்தன. கையில் போதிய வெள்ளை பெயின்ட் கிடையாது. சுண்ணாம்பு, சாக்குக்கட்டித் தூள், கடைசியில் படுக்கை விரிப்புகூட. கிடைத்ததைத் துடைப்பத்தாலும் துணியாலும் பூசினார்கள். வசந்தம் வந்ததும் கழுவிவிட வேண்டுமே, அதனால் நிற்காத பூச்சே போதும். அது நிற்கவும் இல்லை. மழையிலும் சேற்றிலும் உரிந்து, தேய்ந்து, சொறி பிடித்த மாதிரி ஆயிற்று.

அந்தச் சொறியைத்தான் பெரியவர் வரவழைக்கிறார். முதலில் சாம்பல் பெயின்ட். அதன்மேல் வார்னிஷ். காய்ந்ததும் இரண்டு தடவை ஹேர் ஸ்பிரே. அதற்குமேல் மெல்லிசாக வெள்ளை. சுத்த வெள்ளை கூடாதாம். ஒரு சொட்டு மண் நிறம் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ் மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் தொட்டுத் தடவினால் அடியில் ஹேர் ஸ்பிரே கரையும். விறைப்பான பிரஷ்ஷாலும் பல்குச்சியாலும் தேய்த்தால் வெள்ளை உரிந்து சாம்பல் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஆயில் பெயின்டில் பழுப்புக் கசிவுகள், சங்கிலிப் பட்டையில் சேறு. பனிக்குச் சிலர் சமையல் சோடாவைத் தூவுவார்கள். அது நாளாவட்டத்தில் மஞ்சளாகிவிடுமாம். இவர் வைத்திருந்தது நுண்ணிய கண்ணாடித் துகள்.

பல்குச்சியை என்னிடம் கொடுத்தார். உற்சாகமாக ஒரு கீறு கீறினேன். பதறிவிட்டார்.

"நீங்க கீறினது ஒரு மில்லிமீட்டர் அகலம். நிஜத்துல அது முப்பத்தஞ்சு மில்லிமீட்டர். இவ்வளவு பெரிய காயம் அந்த இடத்துல எப்படி வந்தது?"

எனக்குத் தெரியவில்லை.

"கமாண்டர் கால் வைக்கிற இடம், டிரைவர் கை ஊன்றி இறங்கற இடம், என்ஜின் மூடியைத் திறக்கிற இடம். அங்கேதான் தேயும். யாரும் தொடாத இடத்துல வெள்ளை அப்படியே இருக்கும். உள்ளே நாலஞ்சு பையன்கள் இருந்தாங்க இல்லையா?"

யுத்தத்தை இப்படி பொம்மையாக்கி மேஜையில் வைப்பது சரியா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "நாளைக் காலையில ஸெங்கென் கோயிலுக்குப் பின்னால இருக்கிற குன்றுக்குப் போய்ட்டு வாங்க" என்றார்.

போனேன். ஷிஸுஹாதா குன்று. மூச்சு வாங்க ஏறினால் மேலே நினைவுச் சின்னங்கள். 1945 ஜூன் 19 இரவு அமெரிக்க பி-29 விமானங்கள் இந்த ஊரைக் கொளுத்தின. சுமார் 2,000 பேர் செத்தார்கள். அதே இரவில் இரண்டு விமானங்கள் வானத்தில் மோதி விழுந்து, 23 அமெரிக்க விமானப் படையினரும் மாண்டார்கள். இட்டோ என்ற உள்ளூர்க்காரர், ஊரார் திட்டத் திட்ட, அவர்களையும் எடுத்து அடக்கம் பண்ணினார். சிதைவில் கருகிய தண்ணீர்க் குடுவை ஒன்று கிடைத்தது. அதில் ஒரு கையின் தடம் பதிந்திருந்ததாம். இரு தரப்புக்கும் சேர்த்து இங்கே நடக்கும் அஞ்சலியில், அந்தக் குடுவையிலிருந்துதான் சின்னத்தின்மேல் விஸ்கி ஊற்றுவார்கள்.

கீழே இறங்கி நேராக அரங்குக்குப் போனேன். பெரியவர் சாப்பிடப் போயிருந்தார். பான்ஸரை மறுபடி குனிந்து பார்த்தேன். மேல் மூடிக்குப் பக்கத்தில் வெள்ளை தேய்ந்த ஒரு திட்டு, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். 35-ஆல் பெருக்கிப் பார்த்தேன். ஓர் உள்ளங்கை அகலம்.

ஊர் திரும்பும்போது நானும் ஒரு பெட்டி வாங்கிவந்தேன். ஒட்டியாயிற்று, சாம்பல் அடித்தாயிற்று. மனைவியின் ஹேர் ஸ்பிரே குறைவது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. வெள்ளையும் பூசிவிட்டேன். பல்குச்சியும் கையுமாக மூன்று ஞாயிறு உட்கார்ந்தாயிற்று. அந்தப் பையன் எங்கே கை வைத்திருப்பான் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.