ஒரு பாடசாலைக்கு எதற்கு மூன்று இணையப் பெயர்?



"டொட் எஸ்சிஎச் டொட் எல்கே பெயர்தான் வந்துவிட்டதே, பழைய டொட் கொம் பெயருக்கு ஏன் இன்னும் காசு கட்ட வேண்டும்?" என்று பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் சில சகோதரர்கள் கேட்டார்கள். ஊர்க் காசு என்பதால் கேட்பது நியாயமே. பாடசாலைத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் என்ற வகையில் எல்லோருக்கும் விளங்கும்படி இங்கே பதில் தருகிறோம்.

எமது தளத்துக்கு இப்போது மூன்று பெயர்கள். ஒன்று, பழைய மாணவர்கள் ஆரம்பத்தில் வாங்கித் தந்த டொட் கொம். அடுத்தது பாடசாலைகளுக்கென்றே உள்ள டொட் எஸ்சிஎச் டொட் எல்கே. மூன்றாவது, தமிழிலேயே எழுதும் டொட் இலங்கை. இந்தத் தமிழ் முடிவு 2010இலிருந்து நாட்டுக்கு உண்டு. அதை வட்ஸ்அப்பில் ஒட்டும்போது சில வேளை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் நீண்ட ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அது அதே பெயரைக் கணினி எழுதும் விதம்.

மூன்று பெயரிலும் தளம் தனித்தனியாகத் திறந்தால் கூகுள் அதை ஒரே விடயத்தின் மூன்று பிரதிகளாகப் பார்க்கும். அதற்காகத் தண்டிக்காது. ஆனால் எந்தப் பெயரைத் தேடலில் காட்டுவது என்பதைத் தானே முடிவு செய்துவிடும். ஆகவே டொட் எல்கே பெயரைப் பிரதானமாக வைத்து, மற்ற இரண்டையும் '301' எனும் நிரந்தரத் திசைதிருப்பல் மூலம் அதற்கு அனுப்புகிறோம். '302' என்பது தற்காலிகமானது. வீடு மாறியவர் தபாற் கந்தோரில் புதிய விலாசத்தைக் கொடுத்து வைப்பது போன்ற வேலைதான் இது.

இதில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்றுண்டு. பழைய பெயரிலுள்ள தரம் 5 வினாத்தாள் பக்கம், புதிய பெயரிலுள்ள அதே வினாத்தாளுக்கே போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பிவிட்டால் பிள்ளைக்கு வினாத்தாள் கிடைக்காது. கூகுளும் அந்தப் பக்கம் இல்லாமல் போனதாகவே எடுத்துக்கொள்ளக் கூடும்.

இனி காசு விடயம். திசைதிருப்பலைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. ஆனால் எமது பழைய பெயர் விழா மலரில் அச்சாகி வீடு வீடாக இருக்கிறது. பழைய வட்ஸ்அப் குழுக்களிலும் கிடக்கிறது. புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் பெயரை யாரும் வாங்கலாம். கைவிடப்பட்ட பெயர்களைத் தேடி வாங்கி, சூதாட்ட விளம்பரம் போடுவோர் இருக்கிறார்கள். மலரைப் பார்த்துத் தட்டும் பிள்ளை அங்கே போய் நிற்கும். அந்தப் பெயரிலிருந்த ஈமெயில் முகவரிகளுக்கு வருபவையும், கடவுச்சொல் மாற்றும் கடிதங்கள் உட்பட, வாங்கியவர் கைக்கே போகலாம்.

ஆகவே எமது வேண்டுகோள் மூன்று.

1. டொட் கொம் பெயரை ஒரே தடவையில் 10 வருடம் வரை புதுப்பிக்கலாம். முடிந்தளவு நீண்ட காலத்துக்குக் கட்டிவிடுவோம்.

2. பெயர்கள் தனி நபரின் ஈமெயிலில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். பொறுப்பாளர் வெளிநாடு போனாலும் சாவி ஊரில் இருக்கும்.

3. பழைய இணைப்பு ஏதும் சரியான பக்கத்துக்குப் போகாவிட்டால் அந்த இணைப்பை அப்படியே எமக்கு அனுப்புங்கள். திருத்திவிடுகிறோம்.

புதுப்பிக்கும் திகதி நெருங்குகிறது. அடுத்த கூட்டத்தில் இதற்கொரு முடிவு எடுப்போம், இன்ஷா அல்லாஹ்.