விண்கலத்து விசைகள்

1963-ஆம் ஆண்டு வெளிவந்த 'கலை அரசி' என்னும் படத்தில், வேற்றுலகத்தார் ஒரு பெண்ணை இசை கற்பிப்பதற்காகக் கலமேற்றிக் கொண்டுபோகிறார்கள். அதனைக் கண்ட மறுநாள், பரமத்தி வேலூர்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவாறே அக்கலத்தின் விசைகளை ஆராய்ந்தோம். "ஒன்று ஏறுவதற்கு, ஒன்று இறங்குவதற்கு, மற்றவை பார்ப்பவரை மிரட்டுவதற்கு" என்றார் மாமா. "ராஜவாய்க்காலில் தண்ணீர் திறக்கும் விசை உண்டா?" என்றார் அண்டைக் கொடிக்கால்காரர். அவருடைய கொடிகள் அப்போது வாடிக்கொண்டிருந்தன. ஆகவே எவரும் உரக்கச் சிரிக்கவில்லை.

மெய்யான கலத்தின் செய்தி இன்னும் வியப்புடையது. 1969-இல் சந்திரனில் மனிதரை இறக்கிய அப்பல்லோ 11 கலத்தில், கணிப்பொறிப் பலகையின் விசைகள் 19. அவற்றுள் ஒன்று 'வினை', மற்றொன்று 'பெயர்'! செய்யவேண்டியதை வினை எண்ணாலும், எதனை என்பதைப் பெயர் எண்ணாலும் வீரர்கள் தெரிவித்தார்கள். மாமாவோ இலக்கண வகுப்பில் உறங்கியவர். இவ்விரண்டையும் எங்ஙனம் ஊகித்திருப்பார்!