காரைக்குடியில கார்டு வேட்டை!

காரைக்குடிக்கு டூர் வர்றவங்க லிஸ்ட் நமக்கு மனப்பாடம். கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி டைல்ஸ், பிள்ளையார்பட்டி, ராத்திரிக்கு நண்டு மசாலா. இந்த வாரம் வேற ரூட். கையில ஒரு இன்ச் டேப் எடுத்துக்கிட்டு என்கூட வாங்க!

உங்க ஹாஸ்டல் ரூம்ல பத்து வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு மூச்சு வாங்கிட்டு இருக்குன்னு வெச்சுக்குவோம். ஃபைனல் இயர் புராஜெக்ட் ரெண்டரிங் நாலு மணி நேரம் ஓடுது. கேம்? பேசவே வேண்டாம். மெஸ் பில்லுல மிச்சம் பிடிச்சு பாக்கெட்ல பத்தாயிரம் ரூபாய். அடுத்த பத்தாயிரம் எப்போ வரும்னு தெரியாது. அதனால கிராபிக்ஸ் கார்டு ஒரே தடவையில சரியா அமையணும். இதுக்கும் காரைக்குடிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு பாஸ்!

முதல் ஸ்டாப், முனீஸ்வரன் கோயில் தெரு. வரிசையாப் பழைய சாமான் கடைகள். பர்மா தேக்குத் தூண், பித்தளைக் குண்டான், எனாமல் தூக்குச் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம்னு உள்ளே நுழைஞ்சா வெளியே வர மனசு வராது. எல்லாம் செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த சமாசாரம். நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கைன்னு கடல் தாண்டி வட்டித் தொழில் பண்ணி, அந்தக் காசுல கட்டின வீடுகள். இப்போ ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் ஏகப்பட்ட பேர், ஊருக்கு ஒருத்தரா இருக்காங்க. பராமரிக்க முடியாம சில வீடுகளைப் பிரிச்சு வித்துட்டாங்க. யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் 2014-லயே ஏறிடுச்சு. ஆனா பட்டியல் வந்து ஓட்டு மாத்தித் தராதே!

இங்கே ஒருத்தர் கதவு வாங்க வர்றதை ஓரமா நின்னு கவனிங்க. வேலைப்பாட்டைப் பார்த்து சொக்கி நிப்பார். கடைக்காரர் விலையைச் சொல்றதுக்கு முன்னாடி கேட்பார்: ‘நிலை அளவு என்ன தம்பி? சுவர் தாங்குமா?’ வீட்டுக்கு ஏத்த கதவுதான், கதவுக்கு ஏத்த வீடு இல்லை. நம்ம ஆளுங்க கார்டு வாங்கும்போது மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்குறதே இல்லை.

டேப்பை எடுங்க. கம்பெனிகள் கழிச்சு விட்ட, ஒல்லியான செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்தான் மாணவர்கள்கிட்ட நிறைய இருக்கு. 2014-ல வந்த ஐ5 4590 மாதிரி பிராசஸர், டி.டி.ஆர்.3 ரேம். அந்தப் பெட்டியில முழு உயரக் கார்டு நுழையவே நுழையாது. ‘லோ புரொஃபைல்’ கார்டும், அதுக்குத் தகுந்த குட்டை பிராக்கெட்டும் வேணும். ஸ்லாட்டுல இருந்து எத்தனை சென்டிமீட்டர் காலி இடம் இருக்குன்னு அளந்து எழுதிக்குங்க.

அடுத்தது சுவர், அதாவது எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் தரும். அதுக்கு மேல கேட்குற கார்டுக்குத் தனி ஒயர் வேணும். ஒல்லிப் பெட்டியோட எஸ்.எம்.பி.எஸ்.ல அந்த ஒயரே இருக்காது. கிரிப்டோ மைனிங் பண்ணினவங்க வித்துட்டுப் போன ஆர்.எக்ஸ். 580 சல்லிசாக் கிடைக்குதேன்னு தூக்கிட்டு வந்துடாதீங்க. அது 185 வாட்ஸ் பகாசுரன்!

அப்போ 75-க்குள்ள யார் யார் இருக்காங்க? ஜி.டி. 1030 ஓரளவு போதும்னு சொல்வாங்க. ஆனா ஒரே பேர்ல ரெண்டு கார்டு. 2017-ல வந்த ஜி.டி.டி.ஆர்.5 மெமரி கார்டு, செகண்டுக்கு 48 ஜி.பி. டேட்டாவைத் தள்ளும். 2018-ல வந்த டி.டி.ஆர்.4 கார்டு 17 ஜி.பி.கூடத் தள்ளாது. டப்பாவுல சின்ன எழுத்தைப் படிங்க. 2016-ல வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. நல்ல குதிரைதான். ஆனா அதோட தலைமுறைக்கு என்விடியாவோட வழக்கமான டிரைவர் அப்டேட் 2025 அக்டோபரோட முடிஞ்சுது. இனி செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். 2025-ல வந்த கூடா 13-ம் அந்தத் தலைமுறையைக் கழட்டி விட்டுடுச்சு. மெஷின் லேர்னிங் புராஜெக்ட்காரங்க நோட் பண்ணிக்குங்க.

ஏ.எம்.டி.யோட ஆர்.எக்ஸ். 6400 வெறும் 53 வாட்ஸ். கேட்க இனிக்குது. ஆனா அதுல நாலே நாலு லேன்தான். புது மதர்போர்டுல பரவாயில்லை, உங்க பழைய ஸ்லாட்டுல வேகம் குறையும். வீடியோ என்கோடரும் கிடையாது. குறும்படம் எடுக்கிற கோஷ்டிக்கு இது ஆகாது. என் ஓட்டு, செகண்ட் ஹேண்ட் ஜி.டி.எக்ஸ். 1650-க்குத்தான். 2019 சரக்கு, 75 வாட்ஸ், 4 ஜி.பி., லோ புரொஃபைல்லயும் உண்டு, கூடா 13-லயும் ஓடும். சில மாடல்ல மட்டும் தனி ஒயர் கேட்கும், பார்த்து வாங்குங்க. கையில கூடுதலாக் காசு இருந்தா 2024-ல வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-ல 6 ஜி.பி. மாடல். அது 70 வாட்ஸ்தான்.

பழைய மானிட்டரோட நீல வி.ஜி.ஏ. ஒயரையும் மறந்துடாதீங்க. இந்தக் கார்டுகள்ல அதுக்கு இடமே இல்லை. கன்வெர்ட்டருக்குத் தனிக் காசு!

முனீஸ்வரன் கோயில் தெருவுல இன்னொரு வித்தையும் கத்துக்கலாம். புதுப் பலகைக்குப் பாலீஷ் போட்டுப் பழசாக்குறது. கார்டு மார்க்கெட்ல இது உல்டா. 2010 வாக்குல வந்த ஜி.டி.எஸ். 450 மாதிரி கிழட்டுச் சிப்போட பயாஸை மாத்தி எழுதி, ‘1050 டி.ஐ.’னு வேஷம் கட்டி விடுவாங்க. ஜி.பி.யு.-இஸட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஓட விட்டா ‘ஃபேக்’னு போட்டுக் கொடுத்துடும். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஓட விடுங்க.

அடுத்து ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள்ள போயிட்டு வருவோம். திண்ணையில நின்னு பார்த்தா வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டி பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோடு. நடுவுல ஒரு நிலை மட்டும் குறுகலா இருந்தா? கல்யாணக் கூட்டம் அங்கேதான் முட்டிக்கிட்டு நிக்கும். நாலு கோர் ஐ5 அந்தக் குறுகல் நிலைதான். அதுக்குப் பின்னாடி எவ்வளவு பெரிய கார்டைப் போட்டாலும் வேலை அங்கே முட்டும். அதனாலதான் 1650-க்கு மேல போக வேண்டாங்கிறேன்.

இன்னொரு விஷயம், கசப்புதான். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோட முடிஞ்சுது. நாலாம் தலைமுறை ஐ5-க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. உங்க வேலை வெறும் கோடிங், ஆட்டோகேட் 2டினா கார்டே வேண்டாம். ஒரு எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு ரேமும் போடுங்க, ஜோடியா ரேம் இருந்தா உள்ளே இருக்கிற கிராபிக்ஸே கொஞ்சம் சுறுசுறுப்பாகும். மெஷின் லேர்னிங் பாடத்துக்கு கூகுள் கோலாப்ல இலவச ஜி.பி.யு. கிடைக்கும். மிச்சக் காசு அடுத்த கம்ப்யூட்டருக்கு உண்டியல்.

சரி, வாங்கியே தீருவேன்கிறீங்களா? கல்லூரிச் சாலைப் பக்கம் போங்க. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைச்ச சிக்ரி ஆராய்ச்சி நிலையம் 1953-ல திறந்தாங்க. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வந்தது அழகப்பா இன்ஜினீயரிங் காலேஜ். வருஷா வருஷம் சீனியர்கள் ரூமைக் காலி பண்ற சீசன்ல, கண் முன்னாடியே ஓட விட்டுப் பார்த்து வாங்க இதைவிட நல்ல மார்க்கெட் கிடையாது.

அங்கேயும் கிடைக்கலைனா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்தான். பல்லவன் எக்ஸ்பிரஸ் விடியக்காலையில காரைக்குடியை விட்டுக் கிளம்பி மதியம் சென்னை. கேபினெட்டையும் மடியில வெச்சுத் தூக்கிட்டுப் போங்க. கடையிலேயே மாட்டி, கால் மணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்கணும்ல? ரயில்ல பக்கத்து சீட் ஆச்சி ‘என்னப்பா இது, பொட்டி?’னு கேட்டா, கையில இருக்கிற சீப்புச் சீடையைக் கேட்டு வாங்கிட்டு நிதானமா விளக்குங்க. டைம் நிறைய இருக்கு!