தீபாவளியன்று ஒரு மாரத்தான்



தீபாவளி வாழ்த்து அனுப்பிய பலருக்கு நான் பதில் போடவில்லை. அன்று, 2023 நவம்பர் 12-ஆம் தேதி, கிரீஸ் நாட்டில் மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் நகரம் வரை 42 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். "விவரமா எழுதுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஓடணும்னா சென்னையில ஓடக் கூடாதா? தீபாவளியும் அதுவுமா அவ்வளவு தூரம் போகணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் முப்பது வருஷம் கரும்பலகையில் மாரத்தான் போரை வரைந்து காட்டியவனுக்கு அந்த மண்ணை ஒருமுறை மிதிக்க ஆசை இருக்காதா?

பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். கி.மு. 490-ல் ஏதென்ஸ் வீரர்கள் பாரசீகப் படையைத் தோற்கடித்தார்கள். ஒரு வீரன் ஓடிவந்து வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான் என்பது கதை. போர் நடந்த காலத்துக்கு அருகில் வாழ்ந்த ஹெரோடோட்டஸ் இந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சுமார் 600 ஆண்டுகள் கழித்து புளூட்டார்க் எழுதியதில்தான் அது வருகிறது. ஆனாலும் அந்தக் கதையை நம்பித்தான் 1896-ல் முதல் நவீன ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியைச் சேர்த்தார்கள். தண்ணீர் சுமந்து பிழைத்த ஸ்பிரிடோன் லூயிஸ் என்ற கிரேக்கர் வென்றார். "செத்துப்போனவன் ஓடின தூரத்தை எதுக்கு சார் எல்லாரும் ஓடணும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். இப்போது அவனும் இதைப் படிப்பான்.

நம் ஊர் ஓட்டக் குழுவில் இருபது பேர் இருக்கிறோம். சுரங்க ஆபரேட்டர், நர்ஸ், கடைக்காரர், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக ஓட வருகிறவர்களும் உண்டு. நானோ குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் பக்கம் குடிவந்தவன். விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்து, பழகிய அதே வட்டங்களைச் சுற்றி ஓடுகிறேன். நெய்வேலி சாலைகள் அகலம், நிழல், சமதளம். மேடு என்றால் சுரங்க மண்மேடுதான். அங்கே நம்மை விடமாட்டார்கள். ஏதென்ஸ் பாதையோ மலையேற்றம். அதற்காக ஆறு மாதம் பாரதி ஸ்டேடியத்தின் கேலரிப் படிகளில் ஏறி இறங்கினேன்.

அன்று விடியுமுன்னே உச்சந்தலையில் மூன்று சொட்டு நல்லெண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு பஸ் ஏறினேன். ஏதென்ஸிலிருந்து எல்லோரையும் பஸ்ஸில் மாரத்தான் ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். திரும்பி வருவது நம் கால் பாடு. காலை 9 மணிக்கு ஓட்டம் தொடங்கியது. நம் ஊரில் அப்போது மதியம் 12.30, வீட்டில் இலை போடும் நேரம்.

ஐந்தாவது கிலோமீட்டர் வாக்கில் பாதை ஒரு மண்மேட்டைச் சுற்றி வருகிறது. போரில் இறந்த 192 ஏதென்ஸ் வீரர்களைப் புதைத்த மேடு. வகுப்பில் சொன்ன எண் கண்ணெதிரே மண்ணாக நின்றது. வழியெல்லாம் பாட்டிமார்களும் குழந்தைகளும் ஆலிவ் கிளைகளை நீட்டி "பிராவோ, பிராவோ" என்றார்கள். மாத்தி என்ற ஊரில் 2018 ஜூலையில் காட்டுத்தீயில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஊர் மக்களும் சாலையோரம் நின்று கை தட்டினார்கள். அங்கே என்னால் சிரிக்க முடியவில்லை, கும்பிட்டுவிட்டு ஓடினேன்.

பத்தாவது கிலோமீட்டரில் தொடங்கும் ஏற்றம் முப்பத்தொன்று வரை விடுவதில்லை. உச்சி ஏறக்குறைய 250 மீட்டர். பிகெர்மி என்ற ஊருக்கு அருகே, என் வயதுக்காரர் ஒருவர் பின்னாலிருந்து வந்து, என் சட்டையில் இருந்த 'நெய்வேலி' என்ற பெயரைக் காட்டி "இது எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தியா என்றேன். "அங்கே என்ன இருக்கிறது?" என்றார். "லிக்னைட்" என்றேன்.

"லிக்னீட்டிஸ்!" என்று கத்திவிட்டார். நெஞ்சில் தட்டிக்கொண்டு, "நான் ப்டோலெமைடா" என்றார். கிரீஸின் வடக்கே இருக்கும் அந்த ஊர்தான் அவர்களுடைய நெய்வேலி.

மூச்சு வாங்கிக்கொண்டே பேசினோம். நமக்கு 1956-ல் நிறுவனம் வந்தது, அவர்களுக்கும் ஐம்பதுகளில்தான். நம்மைப் போலவே ஜெர்மன் ராட்சத சக்கர எந்திரங்கள். நம்மைப் போலவே சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்த கிராமங்கள். ஒரு காலத்தில் கிரீஸின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரி நெருப்பில் வந்தது. 2028-க்குள் பழுப்பு நிலக்கரியை நிறுத்திவிடுவோம் என்று 2019-ல் அரசு அறிவித்தது. அவர் வேலை பார்த்த யூனிட் மூடியாகிவிட்டது.

"உங்கள் ஊரில் எப்போது?" என்று கேட்டார்.

1962-ல் ஓடத் தொடங்கிய நம் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நின்றதையும், பதிலுக்குப் புதியது வந்திருப்பதையும், சுரங்கம் நடப்பதையும் சொன்னேன். "எங்களுக்கும் ஒரு புதியது கட்டினார்கள்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

அவர்கள் குழுவில் முப்பது பேர் இருந்தார்களாம். இப்போது ஒன்பது பேர். மற்றவர்கள் வேலை தேடி வெளியூர், வெளிநாடு. மீதிப் பேர் பழைய ஷிப்ட் நேரத்துக்கே எழுந்து, மின்நிலைய கேட் வரை ஓடித் திரும்புகிறார்கள். "கேட்டுக்குள் வேலை இல்லை. கால் கேட்கவில்லை" என்றார்.

பிள்ளைகளே, அந்த ஏற்றத்தில் எனக்கு உங்கள் வருகைப் பதிவேடுதான் ஞாபகம் வந்தது. நிலம் கொடுத்த கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்தவர்களும் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். ஒருவருக்குச் சொந்த ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. இன்னொருவருக்கு அப்பா ஓய்வு பெற்ற நாளோடு பிறந்த வீடு கைவிட்டுப் போனது. நம் டவுன்ஷிப்பில் பூர்வீக வீடு என்று யாருக்கும் ஒன்றும் இல்லை. நமக்கு ஊர் என்றால் ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பதுதான். வேலை இருக்கும்வரை அது தானாக நடக்கிறது. அதன் பிறகு நாம் மெனக்கெட்டுச் செய்ய வேண்டும். அந்த ஒன்பது பேர் செய்கிற மாதிரி.

முப்பதாவது கிலோமீட்டரில் அவருக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் இருவரும் நடந்தோம். "நீங்கள் போங்கள், கீழே இறக்கம்தான்" என்று அனுப்பிவைத்தார். இறக்கத்தில் தொடை நடுங்கியது. கடைசியில் 1896 ஒலிம்பிக் நடந்த பளிங்கு அரங்கத்துக்குள் கால் வைத்தபோது கடிகாரம் 5 மணி 47 நிமிடம் காட்டியது. முதலில் வந்த கென்யாக்காரர் 2 மணி 10 நிமிடத்தில் முடித்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். நான் பதக்கத்தோடு வாசலில் நின்றேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து அவர் நொண்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

வீட்டில் எனக்காக அதிரசம் எடுத்து வைத்திருந்தார்கள். கல்லாகிவிட்டது. ஆனாலும் ஒன்று விடாமல் தின்றேன்.

இரண்டு வேண்டுகோள். அந்த நண்பர் நம் சுரங்க எந்திரத்தின் படம் ஒன்று கேட்டிருக்கிறார். சுரங்கத்தில் வேலை பார்க்கும் மாணவர்கள், வெளியே காட்ட அனுமதி உள்ள படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். இன்னொன்று, ஞாயிறு காலை 5 மணிக்கு நாங்கள் பாரதி ஸ்டேடியம் வாசலில் கூடுகிறோம். ஊருக்கு வரும்போது வாருங்கள். ஓட முடியாவிட்டால் நடக்கலாம். அட்டெண்டன்ஸ் எடுப்பேன்.