சாலாமிசிரி

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் எனக்கு வயிறு திறக்கவில்லை. பெண்ணாடத்தில் எங்கள் தெருவே நாள் எண்ணிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாமியார் விருத்தாசலம் நாட்டுமருந்துக் கடைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"சாலாமிசிரிம்மா. ராத்திரி பால்ல கலந்து அவனுக்குக் குடு. அலைச்சல்ல தெம்பு கொறைஞ்சு போச்சு."

பிரித்துப் பார்த்தேன். காய்ந்து வெளுத்த கிழங்குகள். விரல் பிரிந்து, பிறந்த குழந்தையின் கை மாதிரி இருந்தன. ஊறினால் வழவழப்பாகி அம்மியில் நிற்காமல் வழுக்கும். இரவுக்கு ஒன்றாக மூன்று மண்டலம் அரைத்தேன்.

அவருக்குக் கொடுத்தது தெம்புக்கு. குறை என்ற சொல் எனக்குத்தான். அதற்கு வெள்ளிக்கிழமை விரதம், கோயில் தரையில் மண்சோறு. டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணுமில்ல, அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அவர் வரவில்லை. பால் மட்டும் தொடர்ந்தது. அவரிடமும் குறை இருக்கலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அதற்கு வைத்தியம் நடந்தது.

அந்த வீட்டை விட்டு வந்து பல வருடம் கழித்து, தாவரவியல் படிக்கும் அக்கா மகள் ஒரு படம் காட்டினாள். இமயமலையில் 2,500 மீட்டருக்கு மேலே, ஈரப் புல்வெளியில், ஊதாக் கதிராகப் பூத்து நிற்கும் ஆர்க்கிட். டாக்டிலோரைசா ஹடாகிரியா. சாலாமிசிரி என்ற பெயரில் பல ஆர்க்கிட் கிழங்குகள் விற்கிறார்களாம். விரல் பிரிந்தது இதனுடையது.

மண்ணுக்கடியில் இதற்கு இரண்டு கிழங்கு. ஒன்று இந்த வருடப் பூவுக்குத் தன்னைக் கொடுத்துச் சுருங்கும். மற்றது அடுத்த வருடத்துக்காகப் பருக்கும். தோண்டுகிறவர்களுக்கு வேண்டியது பருத்தது. தூசி போன்ற விதையில் கட்டுச்சோறு கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். பூக்கப் பல வருடம் ஆகும்.

ஆர்க்கிட் என்ற பெயரே, இரட்டைக் கிழங்கைப் பார்த்து, விரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். பெரிய கிழங்கை ஆண் தின்றால் ஆண் குழந்தை, சிறியதைப் பெண் தின்றால் பெண் குழந்தை என்று முதல் நூற்றாண்டிலேயே டயாஸ்கோரிடிஸ் எழுதி வைத்திருக்கிறார். பெரியது யாருக்கென்று அங்கேயும் சந்தேகமில்லை.

"எத்தனை அரைச்சிருப்பீங்க சித்தி?"

மூன்று மண்டலம். 144. கிழங்குக்கு ஒரு செடி.

கடைசி இரவு அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமியார் பக்கத்தில் வந்து நின்றது நினைவுக்கு வந்தது. "அவன் டாக்டர்கிட்ட வரமாட்டாம்மா. அவங்கப்பாவும் போகல. ஏழு வருசம் நானும் அரைச்சேன்" என்றார். காலிப் பொட்டலத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, படுக்கப் போனார்.