பத்து ஒயர், பன்னிரண்டு படம்

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். நானும் அதையே எழுதலாம் என்றுதான் நோட்டும் பேனாவுமாகப் புறப்பட்டேன். பத்திரிகைக்கு ஓர் உல்லாசப் பிரயாணக் கட்டுரை, அறப்பளீஸ்வரர் தரிசனம், திரும்பும்போது சோளக்காடு சந்தையில் பலாப்பழம், அன்னாசி, கொஞ்சம் மிளகு. திட்டம் அவ்வளவுதான். ஆனால் மலையிலிருந்து நான் கொண்டுவந்தது வேறொரு வளைந்த கோடு. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

என்னுடன் வந்தவர் என் மாமியார். அத்தைக்கு வயது 62. சர்க்கரை வியாதி 15 வருஷத்துச் சிநேகிதம். கோயில் வாசலில் இறங்கியதும், "கொஞ்சம் உட்கார்ந்துக்கறேம்மா" என்றார். மலைக்காற்று ஜிலுஜிலுவென்று வீசுகிறது. அத்தையின் நெற்றியிலோ முத்து முத்தாக வியர்வை. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்லை கண்ணு. தாடைதான் இழுக்குது. வாயுதான், ஒரு சோடா வாங்கியா" என்றார்.

சோடா வாங்கத்தான் நானும் கிளம்பினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கார் டிரைவர்தான், "அம்மா, சோடா அப்புறம். முதல்ல ஆஸ்பத்திரி" என்று வண்டியைத் திருப்பினார். சினிமாவில் வருகிற மாதிரி மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெண்களுக்குச் சில சமயம் தாடை இழுப்பு, குமட்டல், களைப்பு, மூச்சு வாங்குதல் என்று மாறுவேஷத்தில் வரும். சர்க்கரை நரம்புகளை மழுங்க அடித்திருந்தால் வலியே தெரியாமலும் போகலாம்.

மலைமேல் ஒரு சின்ன ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டர் இளைஞர், நர்ஸ் மலைக்காரப் பெண். "ஈ.ஸி.ஜி. எடுக்கணும்" என்றதுமே அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரவிக்கையைத் தளர்த்த வேண்டுமே! "எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போலாம்" என்று பிடிவாதம். உங்களில் எத்தனை பேர் இந்த ஒரு கூச்சத்துக்காகவே பரீட்சையைத் தள்ளிப் போட்டிருக்கிறீர்களோ! அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. டாக்டரை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அத்தையின் முந்தானையையே திரை போலப் போர்த்தி, அதற்கு அடியில் கையை விட்டு விலா எலும்புகளை எண்ணி எண்ணி ஒயர்களை ஒட்டினாள். மார்பில் 6, கை கால்களில் 4.

"ஷாக் அடிக்குமா?" என்று கேட்டார் அத்தை.

"நாங்க கரண்ட் குடுக்கலை அம்மா. உங்க கரண்டைத்தான் நாங்க வாங்கிக்கறோம்" என்றாள் அவள்.

அதுதான் முழு சூட்சுமமும். இருதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு மின்சார அலை அதன் மேல் பாகத்தில் கிளம்பி, சதை முழுவதும் பரவுகிறது. செல்களின் சவ்வு வழியே ஸோடியம், பொட்டாஸியம் முதலிய உப்புகளின் அணுக்கள் உள்ளும் புறமும் போய்வருவதால் பிறக்கும் மின்சாரம் அது. நம் உடம்பு உப்புத் தண்ணீர்ப் பாண்டமல்லவா? அலையின் சாயல் தோல் வரை வந்துவிடுகிறது. வருவது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட். டார்ச் லைட் செல்லில் இருப்பதில் 1,500-ல் ஒரு பங்கு. அதைக் கருவி பெருக்கி, ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரமாகக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைகிறது. காகிதம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் நகரும்.

ஒயர் 10, படமோ 12. இதென்ன கணக்கு என்று எனக்கும் புரியவில்லை. தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் யாரை நோக்கி வருகிறதோ அவருக்கு முகப்புத் தெரியும். யாரை விட்டு விலகுகிறதோ அவருக்கு முதுகு. மின் அலையும் அப்படித்தான்: 'லீட்' என்பது ஓர் ஒயர் அல்ல, ஒரு பார்வை. அலை அந்தப் பார்வையை நோக்கி வந்தால் கோடு மேலே ஏறும். விலகினால் கீழே இறங்கும். வலக் கைக்கும் இடக் கைக்கும் உள்ள வித்தியாசம் முதல் லீட். வலக் கைக்கும் இடக் காலுக்கும் இரண்டாவது. இடக் கைக்கும் இடக் காலுக்கும் மூன்றாவது. இந்த மூன்று அங்கங்களையே வேறுவிதமாகச் சேர்த்துப் பார்ப்பதில் இன்னும் 3. மார்பின் ஒயர்கள் ஆளுக்கு ஒன்றாக 6. வலக் காலின் கறுப்பு ஒயர் எந்தப் படத்திலும் வராது. வெளி மின்சாரத்தின் இரைச்சலை அடக்குவது அதன் வேலை. வல்வில் ஓரி ஒரே அம்பால் பல மிருகங்களை வீழ்த்தினான் என்பார்கள். இங்கே ஒரே இருதயத்தைப் பார்க்கப் பன்னிரண்டு கண்!

இனி என் பராக்கிரமத்தைக் கேளுங்கள். அத்தையின் வளையல்கள் கிளிப்புக்கு இடைஞ்சலாக இருந்தன. நர்ஸ் ஜெல் எடுக்கத் திரும்பிய நேரத்தில், நான் உதவி செய்கிற உற்சாகத்தில் இரண்டு கிளிப்புகளையும் கழற்றி, வளையலை மேலே தள்ளி, மறுபடி மாட்டிவிட்டேன். சிவப்பு வலக் கைக்கு, மஞ்சள் இடக் கைக்கு என்பது எனக்கு எப்படித் தெரியும்? காகிதம் வந்தது. டாக்டர் பார்த்தார், புருவத்தை நெரித்தார். "முதல் லீட் தலைகீழா இருக்கே! ஒண்ணு, இவங்க இருதயம் வலப்பக்கம் இருக்கணும், இல்லைன்னா..." என்று சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் உள்ளே ஓடினாள். "அக்கா, கையை மாத்திட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இரண்டாவது காகிதத்தில் முதல் லீட் நிமிர்ந்துவிட்டது. ஆனால் காலைப் பார்க்கும் லீட்களில், கூரான முனைக்கு அப்பால் சமமாக ஓட வேண்டிய கோடு மேடு தட்டி நின்றது. இருதயத்தின் அடிப்பக்கத்துக்கு ரத்தம் போகவில்லை. வாயு அல்ல, மாரடைப்பு.

டாக்டர் காகிதத்தைப் போனில் படமெடுத்து, கீழே பெரிய ஆஸ்பத்திரியின் நிபுணருக்கு அனுப்பினார். லெய்டன் நகரத்து எய்ந்தோவன் 1905-லேயே இதைச் செய்துவிட்டார் என்று பின்னால் படித்து அசந்து போனேன்! ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர் அவர். நோயாளி ஆஸ்பத்திரியில் கைகளையும் இடக் காலையும் உப்பு நீரில் வைத்துக்கொண்டு உட்கார, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அவருடைய கருவிக்கு டெலிபோன் கம்பி வழியே சேதி போயிற்று. கருவியின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர். 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கும் முன்னால், 1887-ல், லண்டனில் வாலர் என்பவர் மனிதருக்கு இதை எடுத்துக் காட்டியிருந்தார். பிற்பாடு தம் நாய் ஜிம்மியின் கால்களை உப்புத் தண்ணீரில் நிறுத்திக் காட்டப்போக, அது கொடுமையல்லவா என்று பார்லிமெண்டில் கேள்வி வந்ததாம்!

அத்தைக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகள் அங்கேயே கொடுத்தார்கள். 2023 ஜூனில் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இவை கொடுக்கப்படுகின்றன. மலையிலிருந்து இறங்குவதற்கே நேரம் பிடிக்கும் ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, 108 வண்டியில் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்த எனக்குத் தெரியும். வண்டி காரவள்ளியைத் தொடும் வரை அத்தை என் கையை விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலையே அடைப்பை நீக்கி ஸ்டெண்ட் வைத்தார்கள். இப்போது வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். பத்திய உப்பைப் பற்றி என்னோடு தினமும் சண்டை போடுகிறார்.

அந்த இரண்டு காகிதங்களையும் தம் ஜாதகத்தோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். சூட்டில் பதியும் காகிதம், நாளாவட்டத்தில் எழுத்து மங்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். போன வாரம் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். நல்ல காகிதம் ஒன்று போதுமே என்றேன்.

"நீ தப்பா மாட்டினதையும் எடுத்துக்கிட்டு வா. நாளைக்கு என் பேத்திக்குக் காட்டணும்" என்றார் அத்தை.